உள்ளே ஆறும் புண்



அது ஒரு ஷஅபான் மாதத்து மாலைப்பொழுது. அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்தனர். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்புக் கண்டு, மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இதயக் குழாயில் ‘ஸ்டெண்ட்’ வைத்துக்கொண்டு நலமுடன் திரும்பியவர் அவர்.

“ஹஜ்ரத், நோன்பு வருகிறது. பகலில் மாத்திரை போட இயலாது. புண்தான் ஆறிவிட்டதே! இதோ பாருங்கள், தழும்புகூட இல்லை. இனி மாத்திரையை விட்டுவிடலாம் அல்லவா?” என்று கூறித் தம் வலது மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். ஆம், தழும்பு இல்லைதான்! குழாயைச் செலுத்திய இடம் தெரியாமல் தோல் மூடியிருந்தது.

நோயாளிக்கு நோன்பில் உள்ள சலுகையை நான் எடுத்துரைத்தேன். அது என் பணி. ஆனால் மாத்திரையை நிறுத்தலாமா என்னும் வினாவுக்கு விடை கூறும் தகுதி எனக்கு இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் அறிவின் ஒரு பாதி என்பது நம் ஆலிம்களின் பண்பாடு. “மருத்துவரைக் கேட்கும்வரை ஒரு வேளை மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள்” என்று மட்டும் கூறி, மறுவாரம் நானும் அவருடன் சென்றேன்.

மருத்துவர் கூறியதைக் கேட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. மணிக்கட்டில் இருந்தது வெறும் வாசல். உண்மையான புண் இதயத்தின் மேல் ஓடும் குழாயின் உட்புறத்தில் இருந்தது. அது நம் கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் செய்யாது, ஆறிவிட்டதா என்று தடவிப் பார்க்கவும் இயலாது. அப்புண் எவ்வாறு ஆறுகிறது என்பதை அன்று முதல் தேடிப் படிக்கலானேன். கலைப் பட்டம் பெற்ற என் போன்றோர்க்கும் விளங்கும் அளவில், படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் இன்று ஸ்டெண்ட் வைத்துக்கொண்டோர் இல்லாத தெருவே நம் ஊர்களில் அரிது!

ஒற்றை அடுக்கில் ஓர் ஆடை

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஏழாயிரம் லிட்டர் அளவு இரத்தத்தை உந்தித் தள்ளுகிறது. அவ்விரத்தத்தைச் சுமக்கும் தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே ஓர் உறை. நடுவே சுருங்கி விரியும் மென்தசை. உள்ளே மெல்லிய உட்படலம். அந்த உட்படலத்தின் மேற்பரப்பில், இரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள்தாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணுக்கள்கூடக் கிடையா! இவ்வரிசைக்கு மருத்துவர் இட்ட பெயர் ‘எண்டோதீலியம்’.

இரத்தத்திற்கு ஒரு விந்தையான குணம் உண்டு. இந்தப் படலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும்வரை அது உறைவதில்லை. படலம் கிழிந்து, அடியிலுள்ள நார்ப்பொருள் வெளிப்பட்ட மறுகணமே உறையத் தொடங்கிவிடும். கையில் வெட்டுப்பட்டால் இக்குணமே நம்மைக் காக்கிறது. அதே குணம் இதயக் குழாய்க்குள் வெளிப்பட்டால் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது!

உயிரணுக்கள் ஒவ்வொன்றும் அண்டை அணுவோடு ஒட்டிக்கொண்டு, இரத்தம் ஓடும் திசையை நோக்கி நீண்டு, ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. இதைப் படித்தபோது தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து, கிப்லாவை முன்னோக்கி நிற்கும் ஸஃப்புதான் என் நினைவில் எழுந்தது. ஸுப்ஹானல்லாஹ்!

இதயக் குழாய்களைப் பற்றிய அறிவில் முஸ்லிம் அறிஞர்க்கும் பெரும் பங்கு உண்டு. டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னுந் நஃபீஸ், இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். இதயம் தன் அறைகளில் நிற்கும் இரத்தத்தால் அன்றி, தன் சதைக்குள் ஓடும் குழாய்களாலேயே ஊட்டம் பெறுகிறது என்றும் அவர் கருதினார். ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவர் இரத்த ஓட்டத்தைப் பற்றித் தம் நூலை வெளியிட்டது 1628இல்தான். இப்னுந் நஃபீஸ் 1288இலேயே மறைந்துவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியை 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் கண்டெடுக்கும்வரை உலகம் அதனை மறந்தே கிடந்தது. பழம்பெருமை பேசிக் களிப்பதற்காக இதை நான் எழுதவில்லை. அவர் போல் தேடுவோர் இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

தவறில் பிறந்த தெளிவு

இந்த உட்படலம் வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் அறிஞர் எண்ணியிருந்தனர். ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், முயலின் தமனித் துண்டுகளை வைத்து ஆய்வு செய்துவந்தார். குறிப்பிட்ட ஒரு மருந்தை இட்டால் துண்டுகள் சுருங்கிவந்தன. ஒருமுறை மட்டும் அதே மருந்துக்குத் துண்டு விரிந்தது! ஏன் என்று துருவிப் பார்த்தபோது, முன்பெல்லாம் துண்டை வெட்டித் தயாரிக்கையில் அதன் உட்புறம் உரசி, உட்படலம் அறியாமலேயே தேய்ந்துபோயிருந்தது என்று தெரிந்தது. படலம் இருந்தால் குழாய் விரிகிறது, இல்லையேல் சுருங்குகிறது. 1980இல் அவர் இதனை வெளியிட்டார்.

படலம் சுரக்கும் அப்பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு என்பது பிறகு நிறுவப்பட்டது. ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாயு குழாயைத் தளர்த்துகிறது. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கிறது. கீழேயுள்ள தசை வரம்பு மீறி வளராமல் அடக்குகிறது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையும் இவ்வாயுவைத் தந்தே வேலை செய்கிறது. ஆகவே உட்படலம் அழிந்த இடத்தில் ஒரு பூச்சு மட்டும் போகவில்லை. ஒரு காவலரே போய்விடுகிறார்.

குழாயை விரித்தவர்கள்

1929இல் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றைத் தம் கை நரம்பின் வழியே தம் இதயம்வரை தாமே செலுத்திக்கொண்டார். அன்று ஏளனத்திற்கு ஆளான அவர் 1956இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் சென்ற ஆந்திரியாஸ் குருன்சிக், நுனியில் சிறு பலூன் பொருத்திய குழாயைத் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே செய்து பார்த்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இதயக் குழாய் அடைப்பை அப்பலூனால் விரித்தார். விழித்திருந்த நோயாளிக்கு இதயக் குழாயில் செய்த முதல் ஆஞ்சியோபிளாஸ்டி அதுவே. அவரிடம் பயின்ற டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் இந்தியாவில் இச்சிகிச்சையைத் தொடங்கிய முன்னோடியாகப் போற்றப்படுகிறார். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய அவர் 2025இல் மறைந்தார்.

அதே 1986இல்தான், விரித்த குழாய் மீண்டும் சுருங்காதிருக்க உள்ளே நிறுத்தும் உலோக வலைக்குழல், அதாவது ஸ்டெண்ட், பிரான்சில் முதன்முதலாக மனிதரின் இதயக் குழாயில் வைக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்டெண்ட்டின் விலை நம் நாட்டு ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1990களில் பாதுகாப்பு ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த நம் இராமேஸ்வரத்து மைந்தர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், ஹைதராபாத் இதய மருத்துவர் டாக்டர் சோமராஜுவுடன் இணைந்து மலிவான ஸ்டெண்ட் ஒன்றை உருவாக்கினார். ‘கலாம் – ராஜு ஸ்டெண்ட்’ என்று அது பெயர் பெற்றது. ஏவுகணைக்கு உதவிய உலோக அறிவை ஏழையின் இதயத்திற்குத் திருப்பிய அச்செயல், அறிவை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு ஒரு பாடம்.

ஸஃப்பில் விழுந்த இடைவெளி

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அடைப்பை விரிக்கும் பலூனும், சுவரில் அழுந்தும் உலோக வலையும், அவ்விடத்து உட்படலத்தை உரித்துவிடுகின்றன. சிகிச்சையே ஒரு காயமாகிறது! இராஜபாளையத்திற்கு அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் எத்தனையோ புண்களுக்குக் கட்டாகிறது. ஓடும் இரத்தத்தின் நடுவே இருக்கும் இந்தப் புண்ணுக்கு எந்தத் தறியில் துணி நெய்வது? யார் கட்டுவது?

படைத்தவன் அதற்கும் ஏற்பாடு செய்தே வைத்திருக்கிறான். காயம் பட்ட சில நிமிடங்களில் தட்டணுக்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அடுத்து வெள்ளணுக்கள் வருகின்றன. இதற்கிடையே, காயத்தின் விளிம்பில் தப்பி நிற்கும் உட்படல அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வழக்கமாக ஆண்டுக்கணக்கில் பிரியாமல் அமைதியாக இருக்கும் அணுக்கள் அவை. பக்கத்தில் இருந்த தோழன் இல்லாமற்போனதை உணர்ந்ததும், முதலில் அகன்று பரந்து இடைவெளியை நோக்கி நகர்கின்றன. பிறகு ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. கிளைக்குழாய்களின் வாயிலிலிருந்தும் அணுக்கள் படர்ந்து வருகின்றன. எதிரும் புதிருமாக வந்த வரிசைகள் தோளோடு தோள் ஒட்டியதும் பெருக்கம் தானே நின்றுவிடுகிறது.

ஸஃப்பில் ஒருவர் விலகினால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்தில் நிற்பவர் நகர்ந்து இடைவெளியை அடைக்கிறார். பின்னர் மற்றொருவர் வந்து சேர்கிறார். அதே ஒழுங்கு இங்கும் நடைபெறுகிறது!

வெளியூர் வழிப்போக்கர் வந்து ஸஃப்பில் சேர்வதுபோல, இரத்தத்தில் மிதந்து வரும் அணுக்களும் வந்து ஒட்டிப் படலமாகின்றனவா? 1997இல் ஜப்பானிய அறிவியலாளர் தகாயுகி அசஹாராவும் உடனிருந்தோரும், அத்தகைய ஆற்றலுடைய அணுக்கள் இரத்தத்திலேயே இருப்பதாக அறிவித்தபோது மருத்துவ உலகம் பெரிதும் வியந்தது. அதன்பின் நடந்த ஆய்வுகள் அவ்வியப்பைச் சற்றே மட்டுப்படுத்தின. எலிகளின் பெருந்தமனியில் 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, காயத்தை மூடுவன பெரும்பாலும் விளிம்பிலுள்ள உள்ளூர் அணுக்களே என்று காட்டிற்று. வழிப்போக்கர் உதவிக்கு வரலாம். ஆனால் வீட்டைக் கட்டுவோர் அண்டை வீட்டாரே!

இந்த ஆற்றலுக்கும் எல்லை உண்டு. காயம் நீளமாக இருந்தால், இரு முனைகளிலிருந்தும் புறப்பட்ட அணுக்கள் நடுப்பகுதியை எட்டுமுன்பே களைத்து நின்றுவிடுவதை எலிகளில் கண்டுள்ளனர். முதுமை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை இவ்வணுக்களின் வலுவைக் குறைக்கின்றன.

இருவர் ஓடும் பந்தயம்

உட்படலம் மூடுவதற்குள் மற்றொரு வேலையும் நடக்கிறது. காவலர் இல்லாத வீட்டில் அடங்காதவர் நுழைவதுபோல, நடு அடுக்கிலுள்ள மென்தசை அணுக்கள் உள்நோக்கி வந்து பெருகத் தொடங்குகின்றன. அளவோடு நின்றால் அது நல்ல தழும்பு. மீறினால் குழாய் மறுபடியும் குறுகிவிடும். பலூனால் மட்டும் விரித்த காலத்தில் நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்குச் சில மாதங்களிலேயே குழாய் மீண்டும் குறுகிற்று. வெறும் உலோக ஸ்டெண்ட் வந்தபின் அது 20 முதல் 30 ஆகக் குறைந்தது.

இதை வெல்ல, தசையின் பெருக்கத்தை அடக்கும் மருந்தை ஸ்டெண்ட்டின் மேல் பூசினார்கள். அவற்றுள் முதன்மையானது சிரோலிமஸ். பசிபிக் பெருங்கடலிலுள்ள ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து 1960களில் எடுத்துவரப்பட்ட நுண்ணுயிரில் கிடைத்த பொருள் அது. அதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், பஞ்சாபில் பிறந்து கனடாவில் பணியாற்றிய சுரேந்திர நாத் சேகல். மருந்து பூசிய ஸ்டெண்ட்டுகளால் மீண்டும் குறுகுதல் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் அம்மருந்துக்குத் தசையணு, உட்படல அணு என்ற வேறுபாடு தெரியாது! தசையை அடக்கும்போதே உட்படலம் வளர்வதையும் அது தாமதப்படுத்துகிறது. வெறும் உலோகத்தில் சில வாரங்களில் மூடிவரும் படலம், மருந்து பூசிய உலோகத்தில் மூடப் பல மாதங்கள் ஆகின்றன. 2006ஆம் ஆண்டளவில், ஸ்டெண்ட் வைத்து ஓராண்டு கடந்த சிலருக்குக்கூட உள்ளே இரத்தம் உறைந்து மாரடைப்பு வருவதை அறிந்து மருத்துவ உலகம் அதிர்ந்தது. பின்னர் வந்த ஸ்டெண்ட்டுகள் மெல்லிய கம்பிகளாலும் திருத்திய பூச்சுகளாலும் இக்குறையைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் அபாயம் அறவே நீங்கிவிடவில்லை.

மாத்திரை என்னும் காவலர்

இப்போது பெரியவரின் வினாவுக்கு வருவோம். உட்படலம் மூடும்வரை, இரத்தத்தின் நடுவே வெற்று உலோகம் நிற்கிறது. தட்டணுக்கள் அதில் ஒட்டாமல் தடுப்பவை ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது மாத்திரையுமே. இல்லாத படலத்தின் காவல் பணியை அவை தற்காலிகமாகச் செய்கின்றன. பொதுவாக இரண்டையும் 6 மாதம் தொடரச் சொல்வார்கள். மாரடைப்புக்குப் பின் ஸ்டெண்ட் வைத்தவர்க்கு 12 மாதம் என்பார்கள். இரத்தக் கசிவு அபாயம் உள்ளவர்க்கு மருத்துவரே காலத்தைக் குறைப்பதும் உண்டு. அக்கணக்கு அவருடையது, நம்முடையதன்று. நாமாக நிறுத்தினால் ஸ்டெண்ட்டுக்குள் திடீரென உறைகட்டி அடைபடக்கூடும். அவ்வாறு அடைபட்டவர்களில் கணிசமானோர் உயிர் பிழைப்பதில்லை.

“உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?” என்பதே இங்கு நம்மை ஏமாற்றும் சொல். நெஞ்சுவலி போனது குழாய் திறந்ததால். உட்படலம் மூடியதால் அன்று. கையில் சிறு கன்றல் தெரிகிறது, வயிறு எரிகிறது, பல் பிடுங்க வேண்டும் என்று பல காரணங்களால் மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. இவை எதற்கும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தலாகாது. பல் மருத்துவரிடம் ஸ்டெண்ட் வைத்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மலம் கறுத்துப் போவது, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவை கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உம்ரா, ஹஜ் புறப்படுவோர் பயண நாட்களுக்கு மேலும் சில நாட்களுக்கான மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நலம்.

நோன்பும் நோயாளியும்

நோய் நிலைப்பட்டு, மருத்துவரும் நோன்புக்கு இசைந்தால், மாத்திரை வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தருவார். மாற்றுவது வேறு, விடுவது வேறு. அண்மையில் மாரடைப்பு வந்தவரிடம், “இவ்வாண்டு வேண்டாம்” என்று மருத்துவர் சொன்னால், அதை ஏற்றுக்கொள்வதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்னும் சலுகையை அளித்தவன் அல்லாஹ்வே. உடல்நலம் திரும்பும் நம்பிக்கை உள்ளவர்க்குப் பின்னர் களா. அந்நம்பிக்கை அற்றவர்க்கு ஃபித்யா. நோன்பிருக்கையில் நெஞ்சுவலி வந்துவிட்டால், மருந்துக்காக நோன்பை முறிப்பதில் தயக்கம் கூடவே கூடாது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் முதன்மையான நோக்கங்களில் ஒன்றல்லவா?

“தவக்குல் இருந்தால் போதாதா?” என்று கேட்போரும் உளர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட வந்தவருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தந்த அறிவுரையை நம் மத்ரஸாச் சிறுவர்களும் அறிவார்கள். கயிறு கட்டுவது நம் கடமை; காப்பது அவன் கருணை.

கையிலிருக்கும் உதவிகள்

செலவை அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இவற்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டெண்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. அன்று வெறும் உலோக ஸ்டெண்ட்டுக்கு 7,260 ரூபாய் என்றும், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்றும் வரி நீங்கலாக நிர்ணயித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டியும் அடங்கும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆலங்குளம் போன்ற ஊர்களிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தில், அம்மாத்திரைகள் உயிர்காக்கும் துணையாகின்றன. ஆகவே நெஞ்சு கனத்து, வியர்த்து, இடக்கையோ தாடையோ வலித்தால், வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துக் காத்திராதீர்கள்!

காயம் படாமலே இருக்கும் குழாய்க்குள்ளும் உட்படலம் அன்றாடம் தேய்மானத்தைத் தாங்குகிறது. பீடியின் புகை, மிகுந்த இரத்தக் கொதிப்பு, கட்டுக்கடங்காச் சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவை அதனை அரிக்கின்றன. நாள்தோறும் விரைந்து நடப்பதால் இரத்த ஓட்டம் பெருகி, படலம் நைட்ரிக் ஆக்ஸைடைக் கூடுதலாகச் சுரக்கிறது. புகைப்பதை நிறுத்திய ஓராண்டில், புகைப்பதால் கூடியிருந்த இதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பள்ளிவாசலுக்கு வண்டியில் வரும் இளைஞர்கள் ஒரு வேளையேனும் நடந்து வரலாகாதா? விருந்து நாட்களில் நெய்யும் இனிப்பும் தட்டை நிறைப்பதுதான் அன்புக்கு அடையாளமா? இல்லத்தரசிகளும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்.

சூளை நிற்கும், இதயம் நிற்காது

மருத்துவமனையிலிருந்து பேருந்தில் திரும்பும்போது, பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாமே தொடங்கினார். சிமெண்ட் ஆலையில் சுழலும் பெருஞ்சூளையின் உட்புறம் தீச்செங்கல் பதித்திருக்குமாம். அச்செங்கல் ஓரிடத்தில் உதிர்ந்தாலும் நெருப்பு இரும்புக் கூட்டையே சிதைத்துவிடுமாம். “உடனே சூளையை நிறுத்தி, குளிரவைத்து, உள்ளே ஆளிறங்கிச் செங்கல் பதிப்போம். அதுவரை ஆலை ஓடாது” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்தச் சூளையை நிறுத்தவே முடியாதே, ஹஜ்ரத்! ஓட ஓட அல்லவா உள்ளே செங்கல் பதிக்கிறான் அவன்!” என்று தம் நெஞ்சைத் தொட்டுக் கூறினார். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது தெளிவாக இருந்தது.

அந்த ரமளானில் அவர் நோன்பு நோற்கவில்லை. மருத்துவர் வேண்டாமென்றார். இஃப்தார் வேளையில் எல்லோரோடும் வந்து அமர்வார், கண்கள் கலங்கியிருக்கும். ஆனால் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. ஓராண்டு முடிந்து, மருத்துவர் இரண்டாவது மாத்திரையை நிறுத்தி, நோன்புக்கும் அனுமதி தந்தபின், விடுபட்ட முப்பதையும் பகல் குறுகிய குளிர்காலத்தில் களாச் செய்து முடித்தார். கடைசி நோன்பன்று மஃக்ரிபுக்கு முன் அவர் கையில் பேரீச்சம்பழமும், சட்டைப் பையில் ஆஸ்பிரின் மாத்திரையும் இருந்தன.

நம் கண்ணுக்குத் தெரியாமல், நாம் உறங்கும்போதும் நம் உள்ளே இடைவெளிகளை அடைத்துக்கொண்டிருக்கும் இறைவனுக்கே புகழனைத்தும்! அவன் தந்த உடலை அமானிதமாகப் பேணும் அறிவையும், ஆறும்வரை காத்திருக்கும் பொறுமையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக! ஆமீன்.